மறுமொழி: இ.ஜி.ஆர். வால்வும் அதற்குத் தகடு அடிப்பதும்

ஐயா, வணக்கம். நம் கலைச்சொல் அகராதிக்கு, எஞ்சினில் எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் இ.ஜி.ஆர். (exhaust gas recirculation) வால்வுக்கும், அந்த வழியைத் தகடு வைத்து மூடும் வேலைக்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள்.

> "வெளியேற்ற வாயு மீள்சுழற்சி ஓரதர்" என்று வைத்துவிடலாமா? வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

வேறு யோசனை இருக்கிறது. நீளத்தை விடுங்கள், எனக்கு உறுத்துவது "மீள்சுழற்சி". எங்கள் பக்கம், இலங்கை மலையகத்தில், அந்தச் சொல் பிளாஸ்டிக் போத்தலோடு ஒட்டிப்போய்விட்டது. வீணானதை மறுபடி பயனாக்குவது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஹற்றனிலோ தலவாக்கலையிலோ மோட்டார் வேலை பழகும் பையன் அதை வாசித்தால், மிஞ்சிய டீசலை இன்னொரு தடவை எரிக்கிறார்கள் போல என்றே விளங்கிக்கொள்வான். நடப்பது நேர்மாறு. எரிந்து முடிந்த வாயு இனி எரியாது, அதனால்தான் அதைத் திரும்ப உள்ளே விடுகிறார்கள். தணலின் மேல் சாம்பல் போர்த்துகிற மாதிரி. தகன அறையில் ஒட்சிசனின் பங்கு குறைகிறது, காபனீரொட்சைட்டும் நீராவியும் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன, வெப்பநிலையின் உச்சம் இறங்குகிறது. அந்த உச்சம் சுமார் 1,370 பாகை செல்சியசைத் தாண்டினால் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் பெருகும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் இந்த வால்வு வந்ததே அதைக் குறைக்கத்தான்.

வால்வுக்கு "ஓரதர்" அழகான சொல். ஆனால் ஓர் அதர் என்றால் ஒரே வழி. திரும்பி வரவிடாத வால்வுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். இது அளவு பார்த்துத் திறக்கிற வால்வு. பேசாமல் "வால்வு" என்றே இருக்கட்டும், பள்ளிப் புத்தகத்தில் இதயத்துக்கே வால்வுதானே.

என் முன்மொழிவு: புகைதிருப்பு வால்வு. செயலுக்குப் புகைதிருப்பல்.

> பெற்றோல் வண்டியில் வருவது கண்ணுக்குத் தெரியாத வாயு. அதைப் புகை எனலாமா?

எனலாம் ஐயா. ஆண்டுதோறும் வண்டிக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்முன் பெற்றோல் காரையும் "புகைப் பரிசோதனை"க்குத்தான் கொண்டுபோகிறோம். 2008இல் அந்தச் சோதனை தொடங்கியதிலிருந்து வாயில் பழகிய சொல் அது. "கழிவளி" என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணம் சரி, வகுப்பில் சொன்னால் பின்வரிசை சிரித்தே மாளும். திருப்பிவிடும் வழியில் அந்தப் புகையைக் குளிர்விக்கிற உறுப்புக்குத் "திருப்புகைக் குளிர்த்தி" என்று எழுதிப் பார்த்தேன், சாம்பிராணி வாசம் அடிக்கிறது! அதற்கு வெறும் "புகைக் குளிர்த்தி" போதும்.

அடுத்தது தகடு அடிக்கிற விஷயம். இங்கேதான் சொல் தெளிவில்லாவிட்டால் வேலையே கெடும்.

> "இ.ஜி.ஆர். அடைப்பு" என்றால் போதாதா?

போதாது. கராஜில் "வால்வு அடைச்சிருக்கு" என்றால் கரி பிடித்து அடைத்திருக்கிறது என்று பொருள். "அடைச்சு விட்டாச்சு" என்றால் தகடு வைத்து வேண்டுமென்றே மூடியாயிற்று. ஒன்று நோய், மற்றது அதற்குச் செய்யும் கைவைத்தியம். இரண்டுக்கும் அடைப்பு என்று எழுதினால் குறிப்பை வாசிப்பவன் குழம்புவான். முதலாவதைக் கரியடைப்பு என்போம். இரண்டாவது தகடிடல், வைக்கும் தகடு அடைதகடு. வால்வையே கழற்றி எடுத்தால் அது நீக்கம், எஞ்சினின் கணினியில் மட்டும் செயலிழக்கச் செய்தால் முடக்கம். நடுவில் சிறு துளை போட்டு, கொஞ்சம் புகை மட்டும் போக விடுகிற தகடும் உண்டு. அதைத் துளைத்தகடு என்று தனியாகக் காட்ட வேண்டும். முழுசாக மூடினால் பல வண்டிகளில் புகையின் ஓட்டம் போதவில்லை என்று பி0401 என்ற பழுதுக் குறியீடு வந்து இயந்திர விளக்கு எரியும். துளை போடுவதே அதைத் தவிர்க்கத்தான்.

விளக்கக் குறிப்பில் ஒரு விஷயம் கட்டாயம் வர வேண்டும். கினிகத்தேனை ஏற்றமும் ரம்பொடை ஏற்றமும் ஏற வலு வேண்டும் என்றுதான் இங்கே வேன்காரர்கள் தகடு அடிக்கிறார்கள். ஆனால் நல்ல நிலையிலுள்ள வால்வு, முழு மிதியில், அதாவது அக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது, தானாகவே மூடிக்கொள்ளும். அது திறந்திருப்பது சுமை குறைவான, நடுத்தரமான ஓட்டத்தில். அப்படியிருக்க ஏற்றத்தில் தகடு எதைக் கூட்டிக்கொடுக்கும்? நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தமே கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத வண்டி மூச்சு வாங்கத்தான் செய்யும்.

பிறகு ஏன் "அடிச்ச பிறகு பறக்குது" என்கிறார்கள்? பொய் சொல்லவில்லை. புகைக்கரியும் எஞ்சின் ஒயில் ஆவியும் சேர்ந்து எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மெனிபோல்டில் தார் போலப் படியும், வால்வு பாதி திறந்தபடி இறுகிவிடும். அப்புறம் முழு மிதியிலும் புகை உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வண்டி இழுக்காது, கறுப்பாகக் கக்கும். அந்த நிலையில் தகடு வைத்தால் வலு திரும்புவது உண்மைதான். கழற்றிக் கழுவி, கரியைச் சுரண்டிப் பூட்டினாலும் அதே வலு வரும். கழுவ அரைநாள் வேலை, தகடு சட்டென்று முடிகிற வேலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புகைப் பரிசோதனையும் இதற்குத் துணை போகிறது. டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் கருமையை. தகடிட்டால் கருமை குறையும், நைதரசன் ஒட்சைட்டு கூடும், கூடியதை அந்தச் சோதனை அளப்பதில்லை. இது என் கோபம். அகராதியில் வேண்டாம்.

யாழ்ப்பாணத்து அண்ணை "தகடிடல்" கூரைத் தகடு போல ஒலிக்கிறது என்றார். "அடைதகடிடல்" என்று நீட்டினால் தீரும், ஆனால் பேசும்போது யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். என் வாக்கு சுருக்கமானதற்கே. இயந்திரவியல் பட்டியலை மூடுமுன் மற்றவர்களும் சொல்லிவிட்டால், பயிற்சிக் குறிப்பில் இதே சொற்களைப் போட்டுவிடுவேன்.