அஞ்சடியில் பெட்ரோல் வாடை

என்னுடைய ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள் அப்பா விட்டுப்போனது. அவர் தோட்டத்தில் செம்பனை வெட்டிய காலத்து வண்டி. தோட்டத்தை விட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனுக்குக் குடிவந்த பிறகும் விற்க மனம் வரவில்லை. போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, இரவில் அதை வீட்டு முன்புறத் தாழ்வாரமான அஞ்சடியில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் அம்மா, "என்னடா, எண்ணெய் வாடை குடலைப் புடுங்குது" என்றார். வந்து பார்த்தால் எஞ்சினுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். நாலடி தள்ளிக் கொசுவத்தி புகைந்துகொண்டிருக்கிறது! அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். அப்புறம்தான் பெட்ரோல் வரும் குழாயின் திறப்பை மூட வேண்டும் என்றே தோன்றியது.

இந்த வண்டியில் டாங்க் சீட்டுக்குக் கீழே, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைவிட உயரத்தில் இருக்கிறது. பெட்ரோல் தானாக இறங்கும். கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் அதற்குள் இருக்கும் மிதவை எழும்பி, ஊசியைத் தள்ளி வழியை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் டாங்க் காலியாகும் வரை ஒழுகும்.

மறுநாள் டவுனில் ஒரு மோட்டார் கடையில் கழற்றிக்கூடப் பார்க்காமல் "கார்புரேட்டரையே முழுசா மாத்திடுங்க" என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. தோட்டத்தில் டிராக்டர் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர் முன்னால் கால்களை மறைக்கும் லெக் ஷீல்டைக் கழற்றி, கிண்ணத்துப் பெட்ரோலைப் பழைய மைலோ டின்னில் வடித்தார். பித்தளை மிதவையை உருவி என் காதோரம் ஆட்டினார். சளக், சளக்.

"கேக்குதா தம்பி? எண்ணெய் உள்ள பூந்திருச்சி. பாரமாயிருச்சின்னா எங்க மெதக்கும்?"

வெந்நீரில் முக்கிப் பிடித்தார். ஒட்டு ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவில் குமிழ்கள் வரிசையாக வந்தன. ஈயம் வைத்து அடைக்கலாமே என்றேன். உள்ளே ஒரு சொட்டு மிஞ்சினாலும் நெருப்புப் பிடிக்கும், அதோடு ஈயத்தின் பாரத்தில் மிதவை தாழ்ந்து பெட்ரோல் மட்டம் ஏறிவிடும் என்றார். தன் பெட்டியில் கிடந்த ஒரு செத்த கார்புரேட்டரிலிருந்து நல்ல மிதவையை எடுத்து மாட்டினார். ஊசியும் தேய்ந்திருந்தது. கூம்பு முனையை நகத்தால் வருடிப் பார்க்கச் சொன்னார். வளையமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. புது ஊசி, கிண்ணத்து ரப்பர், எல்லாம் சேர்த்து 18 வெள்ளி (ரிங்கிட்)தான். கூலி கேட்டதற்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடு என்றார்.

* * *

உங்கள் சி70 ஒழுகல் கதையைப் படித்தேன், அண்ணே. எனக்கு நடந்தது தலைகீழ். மூன்று தடவை ஊசி மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை. ஊசி போய் உட்காரும் பித்தளை இருக்கையே தேய்ந்துவிட்டது. என்னுடையதில் அது உடலோடு சேர்ந்தே வருவதால் தனியாக மாற்ற வழியில்லை. சரி என்று 45 வெள்ளிக்கு ஒரு நகல் கார்புரேட்டர் வாங்கினேன். ஒழுகல் நின்றது. ஆனால் சிக்னலில் நின்றால் எஞ்சின் ஏறி ஏறி இறங்கும், காலையில் கிளப்ப இருபது உதை. பழைய கார்புரேட்டரை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அதிலிருந்த, பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள ஒரிஜினல் மெயின் ஜெட்டையும் பைலட் ஜெட்டையும் புதியதில் மாட்டிய பிறகுதான் வண்டி மனிதத்தன்மைக்கு வந்தது. ஜெட்டின் தலையில் எண் பொறித்திருக்கும், கழற்றும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

எங்கள் வீட்டுக் கதை வேறு, அண்ணே. எங்கள் அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், விடியுமுன் வண்டி வேண்டும். அவருடைய கார்புரேட்டர் கீழே ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் மட்டம் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. ஊற்றாத ஆயில் எப்படி ஏறும்? மோந்து பார்த்தேன், சுத்தமான பெட்ரோல் வாடை. கார்புரேட்டரில் மிஞ்சும் பெட்ரோல் வெளியே வழியும் குழாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. அதனால் மிஞ்சிய பெட்ரோல் இரவெல்லாம் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். ஆயிலை வடித்தபோது ரசம் மாதிரி ஓடியது. இப்போதெல்லாம் அப்பா வண்டியை நிறுத்தியதும் குனிந்து திறப்பை மூடிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுகிறார்.