சீரியல் போர்ட்டில் மாட்டி முழிச்ச கதைகள்

எல்இடி மினுக்குற வரைக்கும் ஆர்டுயினோ (நாம ப்ரோக்ராம் ஏத்தி ஓட்டுற சின்ன சர்க்யூட் போர்டு) சமத்துப் பிள்ளை. யுஎஸ்பி கேபிள்ல, சீரியல் போர்ட் வழியா கம்ப்யூட்டரோட பேச விட்டாத்தான் சேட்டை தெரியும். உங்களைப் பாடாப்படுத்தினது எதுன்னு எழுதுங்க, நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்.

அக்கா பையனோட காலேஜ் ப்ராஜெக்ட். பைத்தான்ல இருந்து ஒரு எழுத்து அனுப்பினா ஊனோ போர்டு (ஆர்டுயினோல ஒரு மாடல்) ரிலேயை, அதாவது மின்சாரத்தால இயங்குற சுவிட்சை, ஆன் பண்ணணும். சீரியல் மானிட்டர்ல (போர்டோட பேச ஆர்டுயினோ மென்பொருள்ல இருக்கிற ஜன்னல்) அடிச்சா டக்னு ரிலே விழுது, பைத்தான் அனுப்பினா சத்தமே இல்லை. ரெண்டு பக்கமும் வேகம் 9600 (செகண்டுக்கு இத்தனை பிட்) தான். "மாமா, போர்டு போச்சு போல"ன்னு கொண்டு வந்தான்.

ஸ்கிரிப்டை ஓட விட்டுட்டு போர்டையே பார்த்துட்டிருந்தேன். ஓட ஆரம்பிச்ச அந்த நொடியில 13ஆம் பின் எல்இடி படபடன்னு அடிச்சு அடங்குச்சு. அது ரீசெட்டுக்கு அடையாளம். போர்ட்டைத் திறந்ததும் கம்ப்யூட்டர் டிடிஆர் லைனை ('நான் பேசத் தயார்'னு சொல்ற சிக்னல்) இழுக்கும். ஊனோல அந்த லைன் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியா ரீசெட் பின்னுக்குப் போகுது. ப்ரோக்ராம் ஏத்தும்போது நாம பட்டனை அமுக்க வேண்டாம்னு பண்ணின வசதி. ஆனா பேச்சுக்குத் திறந்தாலும் அதே ரீசெட்தான். பைத்தான் அவசரமா அனுப்பின எழுத்தை பூட்லோடர் (ரீசெட் ஆனதும் முதல்ல ஓடுற குட்டி ப்ரோக்ராம்) முழுங்கிடுச்சு. மானிட்டர்ல நாம ஆற அமர டைப் பண்றதால அது தெரியறதில்லை.

திறந்ததும் 2 செகண்ட் ஸ்லீப் போட்டா ஓடும். எனக்கு அது பிடிக்காது. செட்டப் (போர்டு ஆரம்பிச்சதும் ஒரு தடவை ஓடுற பகுதி) கடைசியில போர்டே 'ரெடி'ன்னு ஒரு வரி அனுப்பட்டும், பைத்தான் அதுக்குக் காத்திருக்கட்டும்.

*

அண்ணா, ரீசெட்டே வேண்டாம்னா ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடலாமே? டேட்டா லாக்கருக்கு (அளவுகளைப் பதிவு பண்ற கருவி) அப்படித்தான் வெச்சிருக்கேன். ப்ரோக்ராம் ஏத்தும்போது மட்டும் கழட்டணும்.

என் கதை வேற. சிஎச்340 சிப் (யுஎஸ்பியை சீரியலா மாத்துறது) வெச்ச குளோன் போர்டு, கம்ப்யூட்டர்ல உபுண்டு 22.04 லினக்ஸ். சொருகினா போர்ட் வந்து உடனே மறைஞ்சிடும். கேபிள் மாத்தியாச்சு, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி தர்ற டயல்-அவுட் குரூப்ல யூசரைச் சேர்த்தாச்சு. டிமெசேஜ் (சிஸ்டம் எழுதி வைக்கிற பதிவு) பார்த்தா பிஆர்எல்டிடிஒய்னு ஒண்ணு போர்ட்டைப் பிடுங்குது. பார்வையில்லாதவங்களோட பிரெய்ல் கருவிக்கான ப்ரோக்ராம். அந்தக் கருவிகள் சிலதுலயும் இதே யுஎஸ்பி ஐடி. எனக்கு அது தேவைப்படலை, நீக்கினதும் போர்ட் நிலைச்சு நின்னுச்சு.

*

எங்க லேப்ல வருஷா வருஷம் வர்றது: போர்டு 'ஆன்'னு அனுப்புது, பைத்தான்ல இஃப் கண்டிஷன் மட்டும் உண்மையே ஆகாது. போர்டுல வரியை அனுப்புற பிரிண்ட்எல்என் கட்டளை ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாம ரெண்டு எழுத்து சேர்க்கும். டீகோட் பண்ணி (வந்த பைட்டை எழுத்தாக்கி) ஸ்ட்ரிப் போட்டா (ஓரத்துல ஒட்டினதை வெட்டினா) தீர்ந்தது.

*

ப்ரெட்போர்டுல (சால்டர் இல்லாம ஒயர் சொருகுற பலகை) தனி 328பி சிப் (ஊனோவோட மூளை) வெச்சு விளையாடுறவங்களுக்கு ஒண்ணு. மானிட்டர்ல குப்பையா எழுத்து வந்தா ஒயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி மானிட்டரோட வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்க. 16 மெகாஹெர்ட்ஸ் க்ரிஸ்டலுக்குன்னு (சிப்புக்கு வெளிய இருந்து தாளம் கொடுக்கிறது) கம்பைல் பண்ணினதை, சிப் தன்னோட உள் 8 மெகாஹெர்ட்ஸ்ல ஓட்டினா, 9600னு எழுதினது 4800ஆத்தான் வெளிய வரும். நண்பர் ஒருத்தர் சிப்பைத் தூக்கிப் போட இருந்தார். 4800 வெச்சதும் ரூம் டெம்பரேச்சர் பளிச்னு வந்துச்சு. அப்புறம் போர்டு செட்டிங்ல க்ளாக்கை 8ன்னு மாத்தி மறுபடி ஏத்தினோம், 9600லயே ஓடுது.