24 பேரின் ‘முதல் பத்து’ படங்களை ஒரே பட்டியலாக்குவது எப்படி?

உவர்மலை_வாசகி

வணக்கம். திருகோணமலையில எங்கட வாசிப்பு வட்டத்தில 24 பேர். ஒவ்வொருத்தரும் தனக்கு எப்பவும் பிடிச்ச பத்துப் படங்களை வரிசைப்படுத்தித் தந்து, எல்லாத்தையும் கூட்டி ஒரு பொதுப் பட்டியல் போடுறது, அதில முதல் அஞ்சையும் மாதம் ஒண்டாத் திரையிடுறது எண்டு திட்டம். மொழி, நாடு எதுவும் தடையில்லை.

வழமையா முதலிடத்துக்கு 10, பத்தாமிடத்துக்கு 1 எண்டு புள்ளி போடுவாங்க. அது சரிவருமா? சில பேர் “பத்தையும் தாறன், வரிசைப்படுத்தக் கேக்காதீங்க” எண்டு நிக்கிறாங்க. அவங்கட சீட்டை என்ன செய்யிறது? மற்றது, போன மாசம் பார்த்த படமே கனபேருக்கு முதலாவதா வருது. தன்ர பட்டியலை ஒருத்தர் ஒழுங்காப் போடுறதுக்கு வழி இருந்தாச் சொல்லுங்க.

கொட்டியாரம்

புள்ளி முறையை முதலில் முடிவெடுங்கள். சீட்டு வந்த பிறகு முடிவெடுத்தால் சண்டைதான் வரும். ஏனென்று ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

‘அ’ படத்தை 6 பேர் முதலிடத்தில் வைக்கிறார்கள். மற்ற 18 பேரின் சீட்டில் அது இல்லவே இல்லை. ‘ஆ’ படத்தை 15 பேர் ஏழாம் இடத்தில் வைக்கிறார்கள். 10 முதல் 1 வரையான முறையில் ‘அ’வுக்கு 60, ‘ஆ’வுக்கு 15 × 4, அதுவும் 60. சமம். இடத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் எண்ணினால் ‘ஆ’ 15, ‘அ’ 6. முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு அரை, மூன்றாமிடத்துக்கு மூன்றிலொன்று என்று இறங்கினால் ‘அ’ 6, ‘ஆ’ 2.14. சீட்டு அதேதான், வென்ற படம்தான் மாறுகிறது.

உங்கள் நோக்கம் திரையிடல். மண்டபத்தில் இருக்கப்போகிற 24 பேரில் 15 பேருக்குப் பிடித்ததை மேலே கொண்டுவரும் முறைதான் உங்களுக்குத் தேவை. முதலிடத்துக்கு 20, அடுத்ததுக்கு 19, இப்படி இறங்கிப் பத்தாமிடத்துக்கு 11 கொடுங்கள். அப்போது ‘அ’ 120, ‘ஆ’ 210. முதலாவது படம் பத்தாவதைவிடப் பத்து மடங்கு பிடிக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு என்றால் ஒத்துக்கொள்வார்கள்.

வரிசைப்படுத்த மறுப்பவரின் ஒவ்வொரு படத்துக்கும் 15.5 போடுங்கள். 20 முதல் 11 வரை கூட்டினால் 155, அதைப் பத்தால் வகுத்தது அது. அவருடைய சீட்டும் மற்றவர்களின் சீட்டும் ஒரே எடை ஆகிவிடும். ஏழு படம் மட்டும் தந்து வரிசையும் தராதவருக்கும் 15.5தான். அந்த ஏழுக்கும் 20 முதல் 14 வரையான சராசரி 17ஐக் கொடுத்தால், குறைவாக எழுதியவருக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. 24 பேர், ஆளுக்குப் பத்து, மொத்தம் 240 பெயர். அதில் பெரும்பகுதி ஒரேயொருவர் மட்டும் சொன்ன படமாக இருக்கும். சைட் அண்ட் சவுண்ட் என்ற பிரித்தானியத் திரைப்படச் சஞ்சிகை 1952 தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் கணிப்பில் வரிசை கேட்பதில்லை, ஒரு பெயருக்கு ஒரு வாக்குத்தான். அது அங்கே சரிவரும், 2022இல் வாக்களித்தவர்கள் 1,639 பேர். 24 பேரில் அப்படிச் செய்தால் மூன்று வாக்கோடு பத்துப் படம் ஒரே இடத்தில் நெரிபடும்.

அதனால் இரண்டு சுற்று வையுங்கள். முதல் சுற்றில் வரிசையில்லாமல் பத்துப் பெயர். குறைந்தது இரண்டு பேர் சொன்ன படங்கள் அடுத்த சுற்றுக்கு. அவை 30ஐத் தாண்டினால் மூன்று பேர் சொன்னவை மட்டும். இரண்டாம் சுற்றில் அந்தச் சுருக்கப் பட்டியலுக்குள் இருந்து பத்தை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று நான்கு கிழமை விட்டால், பார்க்காத படத்தைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

பழையரீல்

கொட்டியாரம் அண்ணையின் கணக்கு சரி. ஆனால் சீட்டில் என்ன கேள்வி அச்சடிக்கப் போகிறீர்கள்? “சிறந்த படம்” என்று கேட்டால் ஆட்கள் பாடப்புத்தகம் எழுதுவார்கள். “பிடித்த படம்” என்றால் மனதில் இருப்பதை எழுதுவார்கள். இரண்டையும் கலந்து கேட்டால் ஐந்து மரியாதைக்கு, ஐந்து ஆசைக்கு என்று வரும். “அடுத்த வருசமும் முழுதாக உட்கார்ந்து பார்க்கக்கூடிய பத்து” என்று ஒரே வரியில் கேளுங்கள்.

தனியாள் பட்டியலுக்கு நான் சொல்லும் முறை இது. போனை மூடிவைத்து அரைமணி நேரம் நினைவிலிருந்து மட்டும் எழுதுங்கள், 30 வந்தால் போதும். அதன் பிறகுதான் இணையத்தில் பார்த்து மறந்ததைச் சேர்க்க வேண்டும். பிந்திச் சேர்த்ததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி போடுங்கள். தானாக ஞாபகம் வராத படம் முதல் மூன்றுக்குள் வந்தால் அதை மறுபடி யோசிக்கலாம்.

முப்பதை இருபதாக வெட்டுங்கள். இருபதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 190 சோடி, எவருக்கும் பொறுமை இராது. நடுவில் செருகும் முறை சுகம். இரண்டு படத்தை எடுத்து எது மேலே என்று முடிவு செய்யுங்கள். மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு புதுப்படத்தையும் பட்டியலின் நடுப்படத்தோடு ஒப்பிடுங்கள். மேலென்றால் மேற்பாதியின் நடுவோடு, கீழென்றால் கீழ்ப்பாதியின் நடுவோடு. இருபது படத்துக்கும் கூடிப்போனால் 69 ஒப்பீடு. ஒரு மாலைப்பொழுதில் முடியும்.

இதில் ஒரு முடிச்சு விழும். ‘அ’வை விட ‘ஆ’ பிடிக்கும், ‘ஆ’வை விட ‘இ’, ‘இ’யை விட ‘அ’. ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு அளவுகோலை எடுத்ததால் வருகிற வட்டம் இது. ஒரு தடவை நடிப்பு, அடுத்த தடவை பாட்டு, மூன்றாவது தடவை சின்ன வயசு. மூன்று படத்திலும் இடைவேளைக்குப் பிறகான முதல் 20 நிமிடத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். நம்முடைய படங்கள் பல சறுக்குவது அங்கேதான். எதை நிறுத்த மனமில்லையோ அது மேலே.

‘வீடு’ (1988) படத்தை எடுங்கள். முருகேசன் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியே போவார். வசனம் கிடையாது. பூசாத சுவரும் அவருமாக ஓடும் அந்தக் கட்டத்தில் இளையராஜாவின் இசை மட்டும். படத்தை ஐந்தாம் இடத்தில் வைப்பதா பத்தில் வைப்பதா என்று தடுமாறுகிறவர் இந்த ஒரு கட்டத்தைப் பார்த்தால் போதும், கை தானாகப் பேனையை எடுக்கும். ‘உதிரிப்பூக்கள்’ (1979) வேறு மாதிரி. அதில் கடைசி ஆற்றங்கரைக் காட்சியைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. விஜயன் ஆற்றில் இறங்க, பிள்ளைகள் கரையில் நிற்கும் அந்த நேரத்தின் பாரம் அதற்கு முந்தின முழுப்படத்திலும் சேர்ந்தது. இப்படியான படத்தை முழுதாகப் பார்க்காமல் இடம் மாற்றாதீர்கள்.

புதுப்பட மயக்கத்துக்கு மருந்து ஒரு வயதெல்லை. அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஒரு படம் சேர்வதற்குக் குறைந்தது 10 வருசம் ஆகியிருக்க வேண்டும். அதே விதியை எடுங்கள். பத்து வருசம் ஆகாத படங்களுக்கு ஆளுக்கு ஒரு பெயர், தனிச்சீட்டில், புள்ளியில்லாமல்.

இன்னொன்று. ‘நாயகன்’ (1987) டைம் சஞ்சிகையின் 2005ஆம் ஆண்டு நூறு படங்களில் இருக்கிறது என்பதைக் காட்டி அதை மேலே ஏற்றச் சொல்லி யாராவது வருவார்கள். அந்த நூறும் தரவரிசை இல்லாத பட்டியல். படம் மேலே வரட்டும், அந்தக் காரணத்துக்காக வரவேண்டாம்.

தட்டச்சன்

கணக்கைப் பிழைக்க வைக்கிறது பெரும்பாலும் எழுத்துத்தான். விரிதாளில ‘உதிரிப்பூக்கள்’, ‘உதிரிப் பூக்கள்’ ரெண்டும் ரெண்டு படமா விழும். பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சு அனுப்புறவங்கட பெயர் யூனிகோட் பெயரோட சேரவே சேராது. இன்னும் மோசம், ‘பொ’ மாதிரி எழுத்தை ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியா அடிச்சா, கண்ணுக்கு ஒண்டு மாதிரித் தெரியும், கணினிக்கு வேற. ஒரு பெயர் எத்தனை தரம் வருது எண்டு எண்ணுற கவுண்ட்இஃப் சூத்திரத்தைப் போட்டா 7 வாக்கு 5உம் 2உமாப் பிரிஞ்சு நிக்கும், ஏன் எண்டு விளங்காது.

முதல் சுற்றை ஒராள் கையால ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு இலக்கம் குடுங்க. ரெண்டாம் சுற்றில ஆக்கள் இலக்கத்தை மட்டும் எழுதட்டும். பெயரோட வருசமும் போடுங்க. ‘பொல்லாதவன்’ 1980இலும் இருக்கு, 2007இலும் இருக்கு. ‘பில்லா’வும் அப்படித்தான், 1980, 2007.

மறுஆக்கத்துக்கும் தொடர்ப்படத்துக்கும் முன்கூட்டியே விதி வேணும். ‘மூன்றாம் பிறை’யும் (1982) இந்தி ‘சத்மா’வும் (1983) ஒரே இயக்குநர்ர எண்டாலும் ரெண்டு படம். மொழிமாற்றுக் குரல் மட்டும் எண்டா ஒரு படம். தொடர்ப்படங்களைச் சேர்த்து எண்ணுறதா பிரிச்சு எண்ணுறதா எண்டுறது சின்ன விசயமில்ல. சைட் அண்ட் சவுண்ட் 2002இல ‘காட்ஃபாதர்’ முதலிரண்டு பாகத்தையும் சேர்த்து எண்ணினாங்க, நாலாம் இடம். 2012இல பிரிச்சாங்க, ரெண்டும் முதல் பத்துக்கு வெளிய போச்சு. பிரிச்சே எண்ணுங்க, திரையிடுறது ஒரு நாளைக்கு ஒரு படம்தானே.

கிண்ணியா_நானா

எல்லாம் சரி, ஆனா கொட்டியாரம் சொன்ன முறையில பார்த்த ஆக்கள் குறைஞ்ச படம் தோத்துப் போகும். பிடிக்காததுக்கும் பார்க்காததுக்கும் சீட்டில வித்தியாசமே இல்ல. ‘பொன்மணி’யை (1977, தர்மசேன பத்திராஜா) 24 பேரில ரெண்டு பேர் பார்த்திருந்தாப் பெரிய விசயம். ‘வாடைக்காற்று’ (1978) செங்கை ஆழியான்ட நாவல்ல இருந்து வந்த கடற்கரைப் படம், இஞ்ச உள்ளவங்களுக்கு அந்நியமில்ல. அதுவும் முதல் சுற்றிலேயே விழுந்திடும்.

ரெண்டாம் சுற்றில இடத்துக்குப் பதிலாப் பத்துக்கு எத்தனை எண்டு மார்க் கேளுங்க, பார்க்காட்டி வெறுமையா விடச் சொல்லுங்க. ஆனா வெறும் சராசரி எடுக்கக் கூடாது. ரெண்டு பேர் மட்டும் பார்த்து ரெண்டு பேரும் 10 போட்டா அந்தப் படம்தான் முதலாவதா வரும். ஐஎம்டிபி எண்ட சினிமா இணையத்தளம் தன்ர முதல் 250 படப் பட்டியலுக்குச் செய்ற மாதிரிப் பொதுச் சராசரியைக் கொஞ்சம் கலக்கணும். எல்லாப் படத்துக்கும் சேர்த்துச் சராசரி 6.5 எண்டு வைங்க. ஒவ்வொரு படத்துக்கும் 6.5 போட்ட அஞ்சு பொய் ஆக்களைச் சேருங்க. ரெண்டு பேரோட படம்: 20உம் 32.5உம் 52.5, வகுத்தல் 7, வாறது 7.5. 18 பேர் பார்த்து சராசரி 8 எண்டா: 144உம் 32.5உம் 176.5, வகுத்தல் 23, வாறது 7.67. இப்ப நியாயமா இருக்கா? பார்க்காத படமெல்லாம் அடியில கிடக்காது, ரெண்டு பேர்ர படம் உச்சிக்கும் ஏறாது. பொய் ஆக்களைக் கூட்டினாப் பரவலாப் பார்த்த படத்துக்கு வாசி, குறைச்சா அரிய படத்துக்கு வாசி. 24 பேருக்கு அஞ்சுக்கு மேல வேணாம்.

இலங்கைப் படத்துக்குப் பத்தில ரெண்டு இடம் கட்டாயம் எண்டும் ஒரு விதி வைக்கலாம்.

பழையரீல்

நானா, மார்க் முறை நல்லது, எடுத்துக்கொள்ளட்டும். கட்டாய இடம் வேண்டாம். கட்டாயத்துக்கு எழுதுகிறவர் கேள்விப்பட்ட பெயரை எழுதுவார், பார்த்த படத்தை எழுதமாட்டார். பட்டியல் பொய்யாகும். அதற்குப் பதிலாக முதல் சுற்றுக்கு முன்னாலேயே ‘பொன்மணி’ போன்ற ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு வருகிற மார்க் உண்மையான மார்க்.

உவர்மலை_வாசகி

எல்லாருக்கும் நன்றி. கேள்வியைப் பழையரீல் அண்ணா சொன்ன ஒரே வரியில வைக்கிறம். முதல் சுற்று பெயர் மட்டும், ரெண்டாம் சுற்று நானா சொன்ன மார்க், அஞ்சு பொய் ஆக்களோட. கொட்டியாரம் அண்ணாவின்ர 20–11 முறையையும் பக்கத்தில ஒருக்காப் போட்டுப் பாக்கிறம். அஞ்சாம் இடத்துக்கு ரெண்டு படம் சமமா வந்தா?

கொட்டியாரம்

இரண்டையும் பார்த்தவர்களின் சீட்டை மட்டும் எடுங்கள். எந்தப் படத்துக்குக் கூடுதல் மார்க் போட்டவர்கள் அதிகமோ அது முன்னுக்கு. அதிலும் சமமென்றால், நல்ல பிரதி கையில் இருக்கிற படம். இரண்டாம் சுற்றுக்குப் போக முன்னமே சுருக்கப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கோப்பு இருக்கிறதா, சப்டைட்டில் ஒலியோடு பொருந்துகிறதா, எத்தனை நிமிடம் என்று பார்த்து இலக்கத்துக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ‘செவன் சாமுராய்’ (1954) 207 நிமிடம். மாலை 6.30க்குத் தொடங்கி நடுவில் பத்து நிமிடம் விட்டால் முடிய 10 மணி தாண்டும். மூதூர், தம்பலகாமம் பக்கம் திரும்பவேண்டியவர்கள் இருந்தால் அதை ஞாயிறு பின்னேரம் 3 மணிக்கு வையுங்கள், யன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி கட்டி.