‘தி ரூபி இன் தி ஸ்மோக்’: சாலி லாக்ஹார்ட் பற்றிப் பேச ஆள் வேண்டும், கூடவே அபினி பற்றி ஒரு கேள்வி

திருச்சி வாசகி

எல்லோருக்கும் வணக்கம். பிலிப் புல்மன் 1985-ல் எழுதிய ‘தி ரூபி இன் தி ஸ்மோக்’ நாவலை இந்த வாரம் படித்து முடித்தேன். பதின்வயதுப் பிள்ளைகளுக்கான சரித்திர மர்ம நாவல். மகள் ஒன்பதாம் வகுப்பு, அவளுக்குக் கொடுக்கும் முன் புரட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். இரண்டு நாள் இரவுச் சமையல் தாமதமானது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1872 அக்டோபர், லண்டன். 16 வயது சாலியின் அப்பா தென் சீனக் கடலில் கப்பலோடு மூழ்கிவிட்டார். அவள் அவருடைய கப்பல் கம்பெனி அலுவலகத்துக்குப் போகிறாள். தனக்கு வந்த கடிதத்தில் இருந்த ‘ஏழு ஆசிகள்’ என்ற பெயரை அங்கே இருக்கும் ஒரு பெரியவரிடம் சொல்லி, இது என்னவென்று கேட்கிறாள். கேட்ட மாத்திரத்தில் அந்த மனிதர் பயத்திலேயே இறந்துபோகிறார். இது தொடக்கம்தான். அப்புறம் வாப்பிங் துறைமுகப் பக்கம் விடுதி நடத்தும் மிஸஸ் ஹாலந்து என்ற கொடுமைக்காரி, அபினிக்கு அடிமையான ஒரு மாலுமி, இந்தியாவிலிருந்து போன ஒரு மாணிக்கக்கல் என்று கதை விரிகிறது.

எனக்கு இந்த நாவல் இவ்வளவு பிடித்ததற்குக் காரணம் மர்மம் இல்லை. சாலிக்குக் கணக்கு தெரியும்! அவளுடைய அப்பா பிரெஞ்சு, பியானோ, தையல் எதையும் சொல்லித்தரவில்லை. பேரேடு எழுதவும், பங்குச் சந்தைப் பக்கத்தைப் படிக்கவும், துப்பாக்கி சுடவும், ஹிந்துஸ்தானி பேசவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பிரெடரிக் கார்லண்ட் என்ற புகைப்படக்காரர் வீட்டில் சாலி தங்க வருகிறாளே, அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். அவர் நல்ல கலைஞர், வியாபாரம் மட்டும் சுத்தமாகத் தெரியாது. ஸ்டூடியோ மூழ்கப் பார்க்கிறது. இவள் உட்கார்ந்து வரவு செலவைப் பிரித்து, எது விற்கும் என்று யோசித்து, கதைக் காட்சிகளை ஸ்டீரியோஸ்கோப் படங்களாக, அதாவது ஆழம் தெரியும் இரட்டைப் படங்களாக எடுத்து விற்கலாம் என்று அந்தத் தொழிலையே நிமிர்த்துகிறாள். கொலைகாரர்கள் துரத்திக்கொண்டிருக்கும்போதே இதுவும் நடக்கிறது. துப்பறியும் கதைகளில் பெண் பிள்ளைக்குத் துணிச்சல் கொடுப்பார்கள், சாமர்த்தியமான பேச்சு கொடுப்பார்கள். ஒரு தொழிலைக் கையில் கொடுத்து, அதில் அவளுக்கு வரும் சந்தோஷத்தையும் எழுதியதை நான் முதன்முதலாக இங்கேதான் பார்க்கிறேன்.

இப்போது கேள்விகள். அபினி வணிகத்தில் ஆங்கில அரசுக்கே பங்கு இருந்ததாக நாவலில் வருகிறது. அது எவ்வளவு நிஜம்? 1857 கிளர்ச்சியின்போது லக்னோவில் நடந்ததாக வரும் பகுதியை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? 14 வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா? முடிவைப் பற்றி எழுதினால் முதலிலேயே எச்சரித்துவிடுங்கள். மற்றவர்களும் படிக்கட்டும்.

பழைய வாத்தியார்

நல்ல கேள்வி அம்மா. வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்பதால் அபினி பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நிஜம்தான். நாவல் காட்டுவதைவிட நிஜம் பெரிது. கங்கைச் சமவெளியில் பாட்னா, காசிப்பூர் என்று இரண்டு இடங்களில் அரசாங்கமே அபினி ஏஜென்சி நடத்தியது. விவசாயிக்கு முன்பணம் கொடுப்பார்கள். அதை வாங்கியவர் கசகசாச் செடிதான் போட வேண்டும். காயைக் கீறி வடித்த பாலை அரசு சொன்ன விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டும், வெளியே விற்றால் குற்றம். நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அந்தச் செடியின் விதைதான். தொழிற்சாலையில் அதை உருண்டைகளாகப் பிடித்து, செடியின் இதழ்களாலேயே பொதிந்து காயவைத்து, ஒரு பெட்டிக்கு 40 உருண்டை வீதம் அடுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்புவார்கள். அங்கே பகிரங்க ஏலம்.

இந்த ஏலத்தில்தான் தந்திரம் இருக்கிறது. ஏலம் எடுத்துச் சீனாவுக்குக் கொண்டுபோனவர்கள் தனியார் வணிகர்கள். சீனா தடை போட்டிருந்த காலத்தில் கடத்தியது அவர்கள், பணம் வந்து சேர்ந்தது அன்று இந்தியாவை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. கேட்டால், நாங்கள் கல்கத்தாவில் விற்றோம், அதற்குமேல் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். சீனா எதிர்த்தபோது 1839-42, 1856-60 என இரண்டு போர்கள் நடந்தன. இரண்டாவது போரின் நடுவிலேயே, 1858-ல், சீனா வேறு வழியில்லாமல் வரி வாங்கிக்கொண்டு அபினியை அனுமதித்தது.

ஆக, சாலியின் கதை நடக்கும் 1872-ல் சீனாவுக்கு அபினி ஏற்றுமதி செய்வது சட்டப்படி சரியான வியாபாரம். பிரிட்டிஷ் இந்தியாவின் வருமானத்தில் சுமார் ஏழில் ஒரு பங்கு அபினியிலிருந்து வந்த காலம் அது. லண்டனில் இதற்கு எதிராக ஒரு சங்கம் உருவானதே 1874-ல்தான். புல்மன் அதற்குச் சற்று முன்னால், பெரும்பாலோர் இதைப் பற்றி வாயே திறக்காத நேரத்தில் கதையை வைத்திருக்கிறார். மர்மக் கதைகளில் வழக்கமாகக் குற்றவாளி சட்டத்தை மீறுவான். இங்கே குற்றத்தின் வேர் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தும்போது இப்படி ஒரு கதை என் கையில் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

இங்கிலாந்துக்குள்ளும் நிலைமை அப்படித்தான். 1868-ல் மருந்தாளர் சட்டம் வரும்வரை மளிகைக் கடையில்கூட அபினி வாங்கலாம். அழும் குழந்தையைத் தூங்கவைக்க ‘காட்ஃப்ரேஸ் கார்டியல்’ என்ற அபினி கலந்த மருந்தைக் கொடுத்தார்கள். பல குழந்தைகள் அதிலேயே செத்தன.

நெகட்டிவ் பிரியன்

ஸ்டூடியோ காட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன் அக்கா. பழைய முறையில் படம் எடுத்துப் பழகியவன் என்பதால் அந்தப் பக்கங்கள் எனக்கு உயிர்.

1872-ல் படம் எடுப்பது என்றால் ஈரத் தகடு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவியும் முடிக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாம் நடக்க வேண்டும். அதனால் வெளியூரில் படம் எடுக்கப் போனால் இருட்டறைக் கூடாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போவார்கள். வெள்ளி நைட்ரேட் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்துப்போகும். உலர்ந்த தகட்டுக்கான யோசனையை ரிச்சர்ட் மேடாக்ஸ் 1871-ல்தான் வெளியிட்டார், அது கடைக்கு வர இன்னும் சில வருடங்கள் ஆனது. எனவே பிரெடரிக் நிற்பது ஒரு தொழில்நுட்பத்தின் கடைசிக் காலத்தில்.

ஸ்டீரியோஸ்கோப் யோசனையும் சரியான வியாபாரக் கணக்கு. இரண்டு கண்ணுக்கு இரண்டு படம், பார்த்தால் ஆழம் தெரியும். அன்றைக்கு நடுத்தர வர்க்க வீட்டுக் கூடத்தில் அதுதான் பொழுதுபோக்கு. தனிநபர் படம் ஒரு குடும்பம்தான் வாங்கும், கதைக் காட்சியை ஊரே வாங்கும். சாலி கண்டுபிடித்தது இதைத்தான்.

லக்னோவில் வளர்ந்தவள்

எனக்கும் நாவல் பிடிக்கும். ஆனால் 1857 பகுதியில் ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

சாலிக்குத் திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவு லக்னோ முற்றுகையிலிருந்து வருகிறது. வெப்பம், இருட்டு, பயம் என்று ஒரு கைக்குழந்தையின் உடம்பில் தங்கிப்போன நினைவாக அதை எழுதியிருக்கிறார். அது அற்புதம். ஆனால் முழுக்க முழுக்க ரெசிடென்சிக்கு, அதாவது முற்றுகையில் ஆங்கிலேயர் அடைபட்டுக் கிடந்த வளாகத்துக்கு உள்ளிருந்து பார்த்த லக்னோ. வெளியே நின்றவர்கள் யார், ஏன் நின்றார்கள்? முந்தைய வருடம்தான், 1856-ல், லக்னோவைத் தலைநகராகக் கொண்ட அவத் அரசைக் கம்பெனி பிடுங்கிக்கொண்டு நவாப் வாஜித் அலி ஷாவைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. அந்த வலியில் ஒரு வரியாவது வந்திருக்கலாம். அந்த மாணிக்கக்கல் வந்த அக்ராபூர் கற்பனை சமஸ்தானம், அதன் மகாராஜாவும் ரத்தினத்தின் கதைக்குத் தேவைப்படும் அளவுக்கு மேல் மனிதராக வளரவில்லை.

ரெசிடென்சியின் இடிபாடுகளை இன்றும் அப்படியே பாதுகாக்கிறார்கள். பீரங்கிக் குண்டுகள் துளைத்த சுவர்களுக்கு நடுவே பள்ளி நாட்களில் சுற்றியிருக்கிறோம். உங்கள் மகளிடம் புத்தகத்தைக் கொடுக்கும்போது பேகம் ஹஸ்ரத் மஹல் பெயரையும் சொல்லிவையுங்கள். கணவர் நாடு கடத்தப்பட்ட பிறகு மகனை அரியணையில் ஏற்றி அந்தக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர். சாலியை நேசிக்கும் பெண்ணுக்கு அவரையும் பிடிக்கும்.

திருச்சி வாசகி

வாத்தியார் ஐயா, கல்கத்தா ஏலத்தை நீங்கள் விளக்கிய விதத்தில் கம்பெனியின் கை சுத்தமாக இருப்பதுபோல் கணக்கு எழுதும் கலை புரிந்துவிட்டது. பார்ட்னர்ஷிப், இன்ஷூரன்ஸ், மூழ்கிய கப்பல் என்று நாவலில் வரும் காகித வேலைகளை இப்போது வேறு கண்ணோடு மறுபடி படிக்கப்போகிறேன்.

லக்னோ தோழிக்கு: நீங்கள் சொல்வதை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த ரத்தினத்தை யாருக்கும் பெருமை தராத பொருளாகத்தான் நாவல் காட்டுகிறது. அதைத் தொட்ட ஆங்கிலேயர் ஒவ்வொருவரும் கெடுகிறார்கள்.

நூலகத்து மூலை

பதின்வயதினர் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் மூன்றாவது கேள்விக்கு: கொடுக்கலாம். கொலைகள் உண்டு. அடிலெய்ட் என்ற வேலைக்காரச் சிறுமி படும் பாடு மனதைப் பிசையும். தன் கனவின் மூலத்தைத் தெரிந்துகொள்ள சாலி அபினிப் புகையை இழுக்கும் காட்சியும் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். அபினியால் அழிந்துகொண்டிருக்கும் மாலுமி பெட்வெல்லை அதற்கு முன்பே காட்டிவிடுவதால் நாவல் அதை ஆசைப்பட வைக்கவில்லை.

பிறகு வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ பக்கமும் போய் வாருங்கள். 1868-ல் வந்தது, அதாவது சாலியின் கதைக்கு நான்கு வருடம் முந்தி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொள்ளை போன வைரம்தான் அதில் மையம். மர்மம் அவிழ்வதிலும் அபினிக்குப் பங்கு உண்டு. புல்மன் அந்த மரபைத் தெரிந்தே கையில் எடுத்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

அலுவலகப் பையன் ஜிம் ஒரு பென்னி விலைக் கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறானே, அவனைப் பற்றி யாரும் பேசவில்லையே! அந்த மலிவுத் தொடர்கதை உலகத்தில் பெரிய கை ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர். அவருடைய கதைகளைத் தழுவித்தான் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தமிழில் எழுதிக் குவித்தார்கள். நம் கொள்ளுப்பாட்டிகள் ஒளித்துவைத்துப் படித்த புத்தகங்களுக்கும் ஜிம்முக்கும் ஒரே குலம்.

*இனி முடிவு பற்றி. படிக்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.*

லண்டன் பாலத்தில் சாலி அந்த மாணிக்கத்தைத் தேம்ஸ் ஆற்றில் எறிகிறாள். கணக்கு தெரிந்த பெண், கையில் காசில்லாத பெண், ஏன் எறிகிறாள் என்று என்னிடம் பல பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது அந்தக் கல்லுக்குப் பதிலாகத்தான் அவளையே கைமாற்றினார்கள். பெற்ற அப்பா கல்லை எடுத்துக்கொண்டார். வளர்த்த அப்பா கல்லைக் கொடுத்துவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டார். அந்த இரண்டாவது மனிதர்தான் அவளுக்குப் பேரேடு எழுதச் சொல்லிக்கொடுத்தவர். அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை அவள் மட்டும் எப்படி வைத்துக்கொள்வாள்?

திருச்சி வாசகி

இதைப் படித்ததும் அந்த அத்தியாயத்தை உடனே திறந்தேன். பாலத்துக் காட்சியை அவசரமாகத் தாண்டுவதற்குள் ஆள் ஓட்டம், துப்பாக்கி என்று கதை வேறு பக்கம் இழுத்துவிடுகிறது. வளர்த்த அப்பாவின் தேர்வையே மகளும் செய்கிறாள் என்பது இந்த நாவலிலேயே எனக்கு மிகப் பிடித்த விஷயமாகிவிட்டது. நன்றி.

அடுத்த பாகத்தை நேராக எடுக்கலாமா? 2006-ல் பில்லி பைப்பர் நடித்து பிபிசி எடுத்த படத்தை முதலில் பார்க்க வேண்டுமா?

நூலகத்து மூலை

புத்தகத்துக்கே போங்கள், படம் பிறகு. அடுத்தது ‘தி ஷேடோ இன் தி நார்த்’, கதை 1878-ல் நடக்கிறது. சாலி அதில் நிதி ஆலோசகராகச் சொந்த அலுவலகம் வைத்திருக்கிறாள், உங்களுக்கு அதுவே போதும். திருமணமான பெண்ணின் சொத்து கணவனுக்குப் போகும் சட்டம் அப்போது இன்னும் முழுதாக மாறவில்லை, 1882-ல்தான் மாறியது. அவள் கல்யாணத்துக்குத் தயங்குவதில் அந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு. அதைப் படித்துவிட்டு வாருங்கள், தனி இழை தொடங்குவோம். மகளுக்கு மட்டும் அதை ஒரு வருடம் கழித்துக் கொடுங்கள், முதல் பாகத்தைவிடக் கனமான இழப்புகள் அதில் இருக்கின்றன.