நூறு படுக்கை மருத்துவமனை மருந்து ஆய்வில் சேரலாமா?

செம்பூர் மருத்துவர்:
மும்பையில் செம்பூர், முலுண்ட் பக்கத்து 100 படுக்கை மருத்துவமனைகளும் பல மைய ஆய்வுகளில், அதாவது ஒரே மருந்தையோ சிகிச்சையையோ பல மருத்துவமனைகளில் ஒரே திட்டப்படி சோதிக்கும் ஆய்வுகளில், சேர வேண்டும் என்கிறேன். பெரிய மருத்துவமனைகள் உள்ள பரேல் வரை வந்து போகத் தெம்பும் காசும் உள்ளவர்களிடம் மட்டும் சோதித்த மருந்து, சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்த தாராவிப் பெரியவருக்கு எப்படி வேலை செய்யும் என்று யார் சொல்வது? 2020இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்திய 'பிளாசிட்' ஆய்வைப் பாருங்கள். 39 மருத்துவமனைகள், 464 கோவிட் நோயாளிகள், ஏப்ரலில் தொடங்கி ஜூலைக்குள் சேர்த்து முடித்தார்கள். கோவிடிலிருந்து குணமானவர்களின் ரத்த பிளாஸ்மாவைக் கொடுத்தும் நோய் முற்றுவதோ இறப்போ குறையவில்லை என்று தெரிந்தது. தனியொரு மருத்துவமனையால் அந்த வேகத்தில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மாட்டுங்கா தணிக்கையாளர்:
டாக்டர், அந்த 39இல் பெரும்பாலானவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். ராத்திரியிலும் ஆள் உண்டு. சிறிய இடத்தில் சிக்கலே ராத்திரிதான். மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி நோயாளிக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆய்வை நடத்தும் நிறுவனம், நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் எதிக்ஸ் கமிட்டி மூன்றுக்கும் ஆய்வு மருத்துவர் தெரிவிக்க வேண்டும். நோயாளி சனிக்கிழமை இரவு மூச்சு வாங்கிப் பக்கத்து நர்சிங் ஹோமில் சேருகிறார். ஆய்வில் இருப்பவர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. உங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் தகவல் வரும். அதற்குள் அந்த மருந்தோடு சேரக்கூடாத வேறொரு மருந்தைக் கொடுத்திருப்பார்கள்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர், சயான்:
சார் சொல்வது நடக்கும். ஆனால் தடுக்க வழி இருக்கிறது. ஆய்வின் பெயர், சேரக்கூடாத மருந்துகள், இரவிலும் எடுக்கிற போன் எண் மூன்றும் எழுதிய அட்டை நோயாளியின் பர்ஸில் ஒன்று, வீட்டாரிடம் ஒன்று. கேஸ் பேப்பர் மேலே சிவப்பு ஸ்டிக்கர். கேஷுவாலிட்டி மேஜையில் நோயாளிகள் பட்டியல், ஆர்.எம்.ஓ. (பணியிலிருக்கும் மருத்துவர்) மாறும்போதெல்லாம் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மருந்து தொடங்கிய முதல் வாரம் தினமும் ஒரு போன். சொந்த எதிக்ஸ் கமிட்டி இல்லாததும் தடையல்ல. அதே நகரில் அல்லது 50 கி.மீ.க்குள் உள்ள, பதிவு பெற்ற வேறொரு கமிட்டி பொறுப்பேற்கலாம்.

மாட்டுங்கா தணிக்கையாளர்:
மேடம், மருந்தை எங்கே வைப்பீர்கள்? 2–8 டிகிரியில் இருக்க வேண்டிய குப்பிகளை வார்டிலுள்ள வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பின்சுவரை ஒட்டியவை உறைந்துவிடும். உறைந்து உருகியது பார்க்க நன்றாகவே இருக்கும், மருந்து கெட்டிருக்கும். காலையும் மாலையும் நோட்டில் '5 டிகிரி' என்று எழுதுவதால் பயனில்லை. நடுராத்திரி ஏறி இறங்கியது அதில் தெரியாது. வெப்பநிலையைத் தொடர்ந்து தானே பதிவு செய்யும், அளவுத்திருத்தச் சான்று உள்ள லாகர் கருவி, தனி மருந்து ஃபிரிட்ஜ், அலாரம் அடித்தால் ஓடி வர ஆள், மூன்றும் வேண்டும்.

இன்னொன்று, ஒப்புதல் படிவம். தமிழ், மராத்தி, இந்தி ஒவ்வொன்றுக்கும் கமிட்டி ஒப்புதல் வேண்டும். புதிய பக்கவிளைவு தெரிந்து இரண்டாம் பதிப்பு வந்த பிறகும் மேஜை டிராயரில் பழையது கிடக்கும், அவசரத்தில் அதிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இதைக் காகிதத் தவறு என்று நான் விடமாட்டேன். அந்த மனிதருக்கு ஆபத்தைச் சொல்லாமலே சம்மதம் வாங்கிவிட்டோம்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர், சயான்:
முழுக்க ஒத்துக்கொள்கிறேன். புதியது வந்த அன்றே பழையதில் ஒரு பிரதியைக் குறுக்கே கோடிட்டுக் கோப்பில் வைத்து, மீதியைக் கிழித்துவிட வேண்டும்.

செம்பூர் மருத்துவர்:
அப்படியானால் புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் தொடங்க வேண்டாம். பக்கவாதத்துக்கான 'ஸ்பிரிண்ட் இந்தியா' ஆய்வில் 31 மையங்கள், 12 மொழிகள், நாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். கொடுத்தது குறுஞ்செய்தியும் வீடியோவும் பயிற்சிப் புத்தகமும்தான். ஃபிரிட்ஜே தேவையில்லை. ஒப்புதல் வாங்குவது, தொடர்ந்து விசாரிப்பது, பதிவேடு எழுதுவது எல்லாவற்றையும் இப்படிப்பட்ட ஆய்வில் பழகலாம்.

மாட்டுங்கா தணிக்கையாளர்:
அதற்கு மறுப்பில்லை. ஆனால் ஒருங்கிணைப்பாளர் சம்பளம்? நோயாளிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டால், முதல் நோயாளி சேர்ந்து விவரங்கள் சரிபார்த்து முடிந்த பிறகுதான் பணம் வரும். கமிட்டி ஒப்புதல், சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவகம்) பதிவு என்று அதற்கு முன்னுள்ள மாதங்களில் அவருக்கு யார் கொடுப்பது? மருத்துவமனை அவரை பில்லிங் கவுண்டரில் உட்கார வைத்துவிடும், 24 மணி நேரக் கெடு அங்கேதான் தவறும். தொடக்கச் செலவைத் தனியாகத் தருகிற ஒப்பந்தம் கையில் வரட்டும், அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள் டாக்டர்.