ஐகானுக்குக் கீழே பெயர் எழுதுவதா, டூல்டிப் போதுமா?

வணக்கம் நண்பர்களே. ஒரு சிறிய நூலகத்தின் வழங்கல் மென்பொருளுக்குத் திரை வடிவமைக்கிறேன். மேல்பட்டையில் ஒன்பது ஐகான்கள். இடம் மிச்சமாகும் என்று பெயர்களை நீக்கிவிட்டு, சுட்டியைக் கொண்டுசென்றால் டூல்டிப்பில் விளக்கம் தோன்றும்படி செய்திருந்தேன்.

போன வாரம் நூலகர் அம்மாவின் அருகில் அமர்ந்து கவனித்தேன். நூலைத் திரும்பப் பெற வளைந்த அம்பு, தவணையை நீட்டிக்க வட்ட அம்பு. இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தினார். எதிரே வாசகர்கள் வரிசையில் நிற்கும்போது, சுட்டியை நிறுத்திவைத்து விளக்கத்துக்குக் காத்திருக்க அவருக்கு ஏது நேரம்? தவறு அவருடையதல்ல, என்னுடையது. அடுத்த மாதம் டேப்லெட்டும் வருகிறது. விரலால் தொடும் திரையில் சுட்டியே கிடையாது.

ஆகவே பெயர்களை எழுதிவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். இப்போது சிக்கல் நீளம்தான். ஆங்கிலத்தில் 'ரினியூ' (Renew) ஐந்தே எழுத்து. தமிழில் 'தவணை நீட்டிப்பு' பட்டையைத் தாண்டிப் போகிறது. எழுத்தைச் சிறிதாக்கினால் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

அடிக்கடி தேவைப்படும் நான்கை மட்டும் பெயரோடு வைத்து, மற்றவற்றை 'மேலும்' என்பதற்குள் தள்ளலாமா? பெயரை இரண்டு வரியாக உடைத்துப் பார்த்தவர்கள் உண்டா? 'நீட்டி' என்று மட்டும் எழுதினால் உங்களுக்குப் புரியுமா?

டூல்டிப்பைக் குறுக்குவிசைகளைக் காட்ட மட்டும் வைத்திருக்கிறேன். சுட்டியை நகர்த்தாமலே அதை மூட வழி வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த ஏதுவாக 2018இல் வந்த இணைய அணுகல் நெறிமுறை (WCAG) 2.1. அப்படி எழுதிய நிரல் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். தமிழ்த் திரைகளின் படங்கள் கிடைத்தாலும் பேருதவியாக இருக்கும்.