தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும் வாஷிங் மெஷின்: போர்டு மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (பள்ளத்தூரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, முன்பக்கம் கதவுள்ள 7 கிலோ வாஷிங் மெஷின். இதுவரை அது பின்கட்டில், துவைகல்லை ஒட்டி இருந்தது. ஆத்தாவுக்கு முழங்கால் வலி வந்து பின்கட்டுப் படிகளில் இறங்க முடியாமல் போனதால், சென்ற மாதம் அதை இரண்டாம் கட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் வைத்தோம். அன்றிலிருந்து தொல்லைதான். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கிறது. டிரம் இரண்டு சுற்றுச் சுற்றி நிற்கிறது. மறுபடியும் தண்ணீரை இழுக்கிறது. கால் மணி நேரத்துக்கு மேல் இப்படியே போன பிறகு, தண்ணீர் வரவில்லை என்று பிழைக் குறியைக் காட்டி நின்றுவிடுகிறது. கண்ணாடி வழியே பார்த்தால் துணி நனைந்திருக்கிறதே தவிர, அடியில் தண்ணீர் நிற்கக் காணோம்.

பார்க்க வந்த சர்வீஸ்காரர் மெஷினை நகர்த்தக்கூட இல்லை. மெஷினை இயக்கும் மின்னணு போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டு, வந்து போனதற்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவு செலவழிப்பதற்கு முன் நாமே பார்க்கக்கூடியது ஏதும் உண்டா? வீட்டுக்கு வருவது உப்புப் படியும் போர் தண்ணீர். ஓட்டுக்கூரை என்பதால் தொட்டியைப் பின்கட்டில் ஒரு மேடை கட்டி வைத்திருக்கிறோம். அதற்கு மேல் உயர்த்த வழியில்லை.

பதில் (புதுவயலிலிருந்து)

ஆச்சிக்கு வணக்கம். நீங்கள் சொன்ன கடைசி இரண்டு செய்திகளையும் பார்த்தால், முதல் சந்தேகம் தண்ணீர் உள்ளே வரும் வழியின் மீதுதான் விழுகிறது. பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு, மெஷினின் பின்பக்கம் திருகியிருக்கும் குழாயைக் கழற்றுங்கள். வாய்க்குள் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கும். அதன் நடுவில் உள்ள சிறு நுனியைக் குறட்டால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். நம் ஊர்த் தண்ணீருக்கு அதில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர் கீழே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு, கழற்றிய குழாயின் முனையை ஒரு 10 லிட்டர் வாளிக்குள் விட்டுத் திறந்து பாருங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் நிறைந்தால் குறையில்லை என்பது என் கணக்கு. பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் தேவை. அதாவது தொட்டியின் நீர்மட்டம் மெஷினின் வாயைவிட ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பின்கட்டு மேடைத் தொட்டிகளில் பலவும் இந்தக் கணக்கில்தான் தோற்றுப்போகின்றன.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணன். சல்லடையில் பாதி அடைத்துத்தான் இருந்தது. ஆனால் சுத்தம் செய்து மாட்டிய பிறகும் அதே கதைதான். வாளி ஒரே நிமிடத்தில் நிறைந்துவிட்டது.

பதில் (காரைக்குடி, பழுதுபார்க்கும் தொழில்)

ஆச்சி, வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறது என்றால் வரும் வழியை விட்டுவிடலாம். தண்ணீர் நிற்காமல் இறங்கும் மெஷினில் நான் முதலில் பார்ப்பது டிரம்மைத்தான். டிரம் நிறைந்து வழியும் அளவுக்கு வந்தும் நிற்கவில்லை என்றால், நீர்மட்டத்தை உணரும் சென்சாருக்குப் போகும் மெல்லிய காற்றுக்குழாய் சோப்புக் கசடால் அடைத்திருக்கும். டிரம் காலியாகவே இருக்கிறது என்றால், வந்த தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் மெஷின் இரண்டாவது வகை. அதுவும் இடம் மாற்றிய அன்றே ஆரம்பித்திருக்கிறது. ஆகவே வெளியேற்றும் குழாயைப் பாருங்கள்.

நம் வீடுகளில் தாழ்வாரத்தைவிட முற்றம் ஒரு படி தாழ்ந்திருக்கும். மெஷினைத் தாழ்வாரத்தில் வைத்து, வெளியேற்றும் குழாயைத் தரையோடு படுக்கவிட்டு, முனையை முற்றத்து வடிகாலில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தூக்கி வைக்கும்போது பின்பக்கக் கொக்கியிலிருந்தும் அந்தக் குழாயைக் கழற்றியிருப்பார்கள். இவ்வகை மெஷினில் தண்ணீரை வெளியேற்றும் பம்பு ஓடாதபோது அந்த வழியை அடைத்து நிறுத்த வால்வு எதுவும் கிடையாது. குழாயை உயரத் தூக்கி மாட்டியிருப்பது ஒன்றுதான் தண்ணீரை உள்ளே நிறுத்துகிறது. குழாய் முழுவதும் தாழ்ந்து கிடந்தால், ஒரு பக்கம் வரவர மறுபக்கம் தானாகவே வடிந்துவிடும். மட்டம் ஏறவில்லை என்பதால் மெஷின் மேலும் மேலும் கேட்கும். கெடு முடிந்ததும் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்லும். போர்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

சோதிக்கக் காசு வேண்டாம். குழாயின் முனையைச் சன்னல் கம்பியில், மெஷினின் மேல்மட்டத்துக்குக் கயிற்றால் கட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் ஏறி நின்றதும் நிறுத்திவிடுங்கள். வெளியேற்றும் கட்டம் வந்தால் தாழ்வாரம் முழுக்க நனைந்துவிடும்.

கேட்டவர்

அண்ணன், நீங்கள் சொன்னது அப்படியே சரி. கயிற்றால் கட்டிய ஐந்தாவது நிமிடத்தில் கண்ணாடியின் அடியில் தண்ணீர் ஏறி நின்றது. டிரம்மும் ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆத்தா, "மழையில்லாத நாளில் முற்றத்து மடை ஏன் சலசலக்கிறது என்று நான் பத்து நாளாகக் கேட்டேனே, யார் காதில் வாங்கினீர்கள்?" என்றார்கள். எங்களிடம் பதில் இல்லை. இதை நிரந்தரமாக எப்படிச் செய்வது? உப்புப் படிவதற்கு வினிகர் ஊற்றலாமா?

பதில் (காரைக்குடி, பழுதுபார்க்கும் தொழில்)

2 அங்குல பிவிசி குழாய் ஒன்றை மெஷினுக்குப் பின்னால் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியை ஒரு எல்போ (வளைந்த இணைப்பு) வைத்து முற்றத்து வடிகாலுக்குத் திருப்புங்கள். மேல்வாய், மெஷின் நிற்கும் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பம்பு திணறும். மெஷினின் குழாயை அந்த வாயில் ஒரு சாண் அளவுக்கு மேல் செருகக் கூடாது. சுற்றிலும் இடைவெளி இருந்து காற்றுப் புக வேண்டும். டேப் சுற்றி அடைத்துவிட்டால், வீட்டில் கேன் தண்ணீரை டியூப் போட்டு உறிஞ்சி எடுப்பது போல மறுபடியும் இழுக்கத் தொடங்கிவிடும்.

வினிகரை அடிக்கடி ஊற்றுவதை நான் விரும்புவதில்லை, ரப்பருக்கு நல்லதல்ல. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 100 கிராம் எடுத்து, துணி போடாமல் டிரம்முக்குள்ளேயே கொட்டி, 60 டிகிரி சூட்டில் ஒருமுறை ஓட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

பதில் (தேவகோட்டையிலிருந்து)

தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் ஒரு சொல். அது சிமெண்டால் ஆனது. புளிப்பு பட்டால் மேற்பூச்சு அரித்து வெளுத்துவிடும். எலுமிச்சை உப்பு போட்டு ஓட்டிய நாளில் வெளியேறும் தண்ணீர் தரையில் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு பூ முழுவதும் நிறம் போய், அதே அச்சில் கல் தேடி அலைந்தோம். வழவழப்பான அந்தக் கல்லில் மெஷின் பிழியும்போது மெல்ல மெல்ல நகரவும் செய்யும். எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பார்த்து, ஆடும் காலைத் திருகி உயர்த்தி, பூட்டு நட்டை இறுக்கிவிடுங்கள்.

கேட்டவர்

எங்களுடையதும் ஆத்தங்குடிக் கல்தான்; நல்ல வேளை சொன்னீர்கள். கடைசியாக ஒன்று: தாழ்வாரத்தில் பெரிய பிளக் பாயின்ட் இல்லை. இப்போதைக்குப் பழைய தேக்கு சுவிட்சுப் பலகையில் உள்ள சிறிய பாயின்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்திருக்கிறோம். போதுமா?

பதில் (காரைக்குடி, பழுதுபார்க்கும் தொழில்)

போதாது ஆச்சி. மெஷினுக்குள் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் 2,000 வாட் என்றால் 9 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சிறிய பாயின்ட் 5 ஆம்பியருக்குத்தான். அதைவிடப் பெரிய கவலை, அந்தக் காலத்துப் பலகைகள் பலவற்றில் எர்த் கம்பியே வந்திருக்காது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுத்து, எர்த்தோடு 16 ஆம்பியர் பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். அது முடியும்வரை, முற்றத்து ஈரத்தில் நின்றுகொண்டு ஆத்தா மெஷினின் கதவைத் தொட வேண்டாம். மெஷினையும் ஓட்ட வேண்டாம்.